ஐந்தாம் பாகத்தின் ரசிகை

விடுதியின் அடித்தளத்துச் சலவை அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த இஸ்திரிக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், மேலாளரும் அப்படித்தான். கேட்கிறவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதிதான் மரியாதை, மீதி பயம். ஈரத் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறவனை அவள் திட்டுகிற திட்டு, இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி மாடிப்படி வரைக்கும் கேட்கும். திட்டி முடித்த கையோடு அவனுக்கே டீயும் வாங்கிக் கொடுப்பாள்.

மேலே அறைகளில் விருந்தாளிகள் அடிக்கிற கூத்தெல்லாம் மறுநாள் காலையில் மூட்டையாகக் கட்டிக் கீழே வந்துவிடும். காபி, உதட்டுச் சாயம், சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட இரத்தம், இன்னதென்று சொல்ல முடியாத பலதும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் அவளிடம் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது ஒன்றுதான். "கறை போகாம சூடு காட்டாதீங்க. சூடு பட்டா கறையும் துணியும் ஒண்ணாயிடும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

இப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்று வயதில் தன் கைப்பேசித் திரையில் ஒரு விண்வெளிப் படகின் படத்தை வைத்திருந்தாள். பேரப்பிள்ளை வைத்த படமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பேரப்பிள்ளையே கிடையாது.

அது 'விண்கடல்' படத்தில் வருகிற படகு. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடலாம். நட்சத்திரங்களுக்கு நடுவே கடல்போல ஒரு வெளி. அதில் கப்பல் ஓட்டுகிற மாலுமி ஒருவன். சிவப்புக் கோட்டு போட்டிருப்பான், எதற்கும் அஞ்சமாட்டான், எப்போதும் சிரிப்பான். அவனுக்கு எதிரி இருளரசி. முதல் மூன்று பாகங்களில் அவளை ஓட ஓட விரட்டி, மூன்றாம் பாகத்தின் முடிவில் அவள் கோட்டையையும் தூள்தூளாக்கிவிட்டுச் சூரியனைப் பார்த்துப் போய்விடுவான். கதை முடிந்தது என்று ஊர் உலகமெல்லாம் நினைத்தது. முப்பது வருடம் கழித்து நான்கு, ஐந்து, ஆறு என்று இன்னும் மூன்றை எடுத்தார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் மூன்றைப் பிடிக்காதவர்கள் கிடையாது. பின்னால் வந்த மூன்றைப் பற்றி, அதுவும் ஐந்தாம் பாகத்தைப் பற்றி, இரண்டு பேர் ஒரே மாதிரி பேசி யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கு ஐந்தாம் பாகம் என்றால் உயிர். அவளுடைய தம்பிக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

தம்பி அவளுக்கு நான்கு வயது இளையவன். முதல் பாகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். அப்போது அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழு. முன்வரிசையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளரசி கதவைப் பிளந்துகொண்டு முதன்முதலாக வந்து நின்றாள். அரங்கமே மூச்சை அடக்கியது. தம்பியால் மூச்சை மட்டும்தான் அடக்க முடிந்தது.

அக்கா விளக்கு எரிவதற்கு முன்பே தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அந்தக் கால்சட்டையைக் கசக்கிப் பிழிந்து காயப்போட்டாள். அம்மாவிடம் ஜூஸ் கொட்டிவிட்டது என்றாள். இன்னொருவருக்காக அவள் துவைத்த முதல் துணி அதுதான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டியே?" என்று தம்பி மூக்கை உறிஞ்சினான்.

"நான் ஏன்டா சொல்றேன்."

சொல்லவும் இல்லை. அம்மா கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. கட்டிய கணவரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக் கட்டில்தான் கப்பல். தம்பிதான் மாலுமி. இருளரசி, இருளரசியின் படை, கப்பல் சமையல்காரன், கோட்டைக் கதவு எல்லாம் அக்கா. மூன்றாம் பாகம் வந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வில் அவள் கணக்கில் தவறினாள். திரும்ப எழுதலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா வேலை போய் வீட்டில் இருந்த நேரம் அது. கொஞ்ச நாளைக்கு என்று சலவை அறைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். தம்பி படித்தான், பெரிய டைல்ஸ் கடையில் சேர்ந்தான், பிறகு அதன் ஒரு கிளைக்கு மேலாளர் ஆனான். இதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எனக்கும் கணக்குக்கும் ஆகாது" என்று அக்கா சிரிப்பாள். சிரிக்கிறாளே என்று நம்பிவிடக் கூடாது.

ஐந்தாம் பாகத்துக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போயின. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். அரங்கத்தின் குளிர்காற்று முகத்தில் பட்டதும் தூங்கிவிட்டார், அவரை விட்டுவிடலாம். மற்ற எல்லோரும் மாலுமிக்காகக் காத்திருந்தார்கள். முந்தைய பாகத்தின் கடைசிக் காட்சியில் அவன் முதுகை மட்டும் காட்டி ஆசை காட்டியிருந்தார்கள் அல்லவா. இப்போது வருவான், சிவப்புக் கோட்டை மாட்டுவான், பழையபடி எதிரிகளைப் பந்தாடுவான் என்று அரங்கமே துடித்தது.

மாலுமி வந்தான். உப்புப் பூத்த ஒரு வறட்டுக் கிரகத்தில், உப்பு ஏரி ஒன்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற படகுக்காரனாக வந்தான். தாடி நரைத்திருந்தது, கை நடுங்கியது. போருக்கு வாருங்கள் என்று கூப்பிட வந்த பெண்ணிடம் வரமாட்டேன் என்றுவிட்டான். மூன்றாம் பாகத்தில் நாமெல்லாம் எழுந்து நின்று கைதட்டினோமே, அந்தக் கோட்டையை அவன் தகர்த்தபோது அவனுடைய கப்பல் ஆட்களே பலர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தகர்த்தான். செத்தவர்களின் குடும்பங்கள் வாழ்கிற கிரகம் அது. தான் யார் என்று சொல்லாமல் அவர்களுக்குப் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் சொல்லிவிடுகிறான். படகில் இருந்த கிழவி இறங்கி, சுற்றுவழியில் நடந்தே போகிறாள். மறுநாள் காலையில் அவன் படகைக் கொண்டுவந்து அதே துறையில் நிறுத்துகிறான். யாரும் ஏறவில்லை. அதற்கு அடுத்த நாளும் நிறுத்துகிறான். பெரும் போர் அவன் இல்லாமலே நடந்து முடிகிறது.

அரங்கத்தில் பாதிப் பேர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்கள். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. அழுதால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று கணவரை எழுப்புகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அவள் பார்த்தது வேறு எதையோ. முதல் மூன்று பாகங்களில் மாலுமி எத்தனை சண்டை போட்டாலும் கோட்டில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. சின்ன வயதில் அது தெரியவில்லை, துணியோடு வாழ்ந்த பிறகு அது அவளுக்கு உறுத்தியது. ஐந்தாம் பாகத்தில் அந்தப் புகழ்பெற்ற சிவப்புக் கோட்டை அவன் வெட்டி, படகில் உட்காருகிறவர்களுக்கு விரிப்பாகத் தைத்துப் போட்டிருந்தான். ரசிகர்கள் கொதித்தது முக்கியமாக அதற்குத்தான். தையல் கோணல்மாணலாக இருந்தது, ஊசி பிடித்துப் பழகாத கை. ஆனால் விரிப்பு சுத்தமாக இருந்தது. உப்புக்காற்றில் கிடக்கிற சிவப்புத் துணி அப்படி இருக்க வேண்டுமென்றால் தினமும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்தக் கிரகத்தில் நல்ல தண்ணீர் குதிரைக்கொம்பு. அப்படியானால் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில்தான் அலசுகிறான். படத்தில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எவனோ ஒருவன் யோசித்து வைத்திருக்கிறான், நமக்காக வைத்திருக்கிறான் என்று அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சண்டை வாசலிலேயே ஆரம்பித்தது.

"மாலுமியைக் கொன்னுட்டாங்க" என்றான் தம்பி.

"அவன் சாகவே இல்லையேடா."

"செத்திருந்தாலும் தேவலையே. படகு தள்ள விட்டுட்டாங்களே."

"படகு தள்ளினா என்ன கேவலம்?"

"ஹீரோன்னா கூப்பிட்டா வரணும் அக்கா. அதுக்குத்தானே அவன் ஹீரோ."

"செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டு நிக்கிறானே, அப்ப அவன் யாரு?"

"வேலை வெட்டி இல்லாதவன்."

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருக்க, தம்பி மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "இல்லாத கப்பலுக்கு இத்தனை சண்டையா?" என்று கேட்டுவிட்டு அக்காவின் கணவர் காரில் ஏறி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சண்டை அன்றோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தம்பியிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிப்பு இரண்டு நிமிடம், விண்கடல் ஒரு மணி நேரம். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவள் பிடித்ததற்கும் அதே கணக்குதான். கோபத்தில் இணைப்பைத் துண்டிப்பார்கள், அடுத்த ஞாயிறு விட்ட இடத்தில் தொடங்குவார்கள். வாரம் முழுக்கச் சலவை அறையில் மூட்டை பிரிக்கும்போது அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு வாதம் தயாராகிறது என்று அர்த்தம். அப்பா போய், அம்மாவும் போன பிறகு அவளிடம் உரிமையோடு சண்டை போட இருந்த ஆள் அவன் ஒருவன்தான்.

அப்புறம் தம்பி இணையத்தில் சேனல் ஒன்று ஆரம்பித்தான். டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய கிடங்கறையில், தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் வந்த மூன்று பாகங்களையும் காட்சி காட்சியாகக் கிழித்துத் தொங்கவிட்டான். நன்றாகவே பேசுவான், பொய் சொல்லக்கூடாது. பார்க்கிற கூட்டம் பெருகியது. 'சிவப்புக் கோட்டு' என்றால் விண்கடல் ரசிகர்களுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோ எடுக்கிற நாளானது. தொலைபேசி குறைந்தது, பிறகு நின்றே போனது.

அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. கூப்பிட்டுக் கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, 'உப்புக்கரை' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவன் வீடியோவுக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். விரிப்பைப் பற்றி எழுதினாள். கிழவியின் நடையைப் பற்றி எழுதினாள். தம்பி அவற்றை எடுத்து அடுத்த வீடியோவில் கீச்சுக் குரலில் வாசித்து, வரிக்கு வரி கேலி செய்வான். "உப்புக்கரை மறுபடியும் துணி துவைக்க வந்துட்டாங்க மக்களே" என்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் முதலில் சிரித்தாள். யாரோ என்று நினைத்துத்தானே கேலி செய்கிறான், போகட்டும் என்று விட்டாள்.

ஒருநாள் அவன் வரம்பு மீறினான். முதல் பாகத்தைப் பற்றிய சிறப்பு வீடியோ அது. இருளரசி கதவைப் பிளந்துகொண்டு வந்தபோது அரங்கமே நடுங்கியதாகவும், ஏழு வயதுப் பையனான தான் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டியதாகவும் அளந்துவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த மாலுமியைப் பார்த்து வளர்ந்தவங்க ஜெயிச்சவங்க. அஞ்சாம் பாகம் யாருக்குப் பிடிக்கும் தெரியுமா? வாழ்க்கையில எதுலயும் பாஸ் ஆகாதவங்களுக்கு. தோத்தவங்களுக்குத் தோத்தவன் கதைதான் இனிக்கும். என்ன உப்புக்கரை, சரிதானே?" என்று கண்ணைச் சிமிட்டினான்.

அக்கா கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். கணக்குத் தாள், அதைக் கொடுத்த ஆசிரியை, திரும்ப எழுதாமல் போன தேர்வு எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தன. யாருடைய சம்பளத்தில் இவன் படித்தான்? ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். பெருவிரலால் எழுதினாள், புள்ளியில்லாமல், நிறுத்தாமல் எழுதினாள்.

"கைதட்டினீங்களா நல்லாத் தெரியுமே நாற்காலிமேல ஏறலை நாற்காலியை நனைச்சீங்க முன்வரிசையில கூட வந்த பொண்ணோட ஸ்வெட்டரை இடுப்புல கட்டிக்கிட்டுத்தானே வீட்டுக்குப் போனீங்க பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க தோத்தவங்களைப் பத்திப் பேச வந்துட்டாரு வீரர்"

அனுப்பிவிட்டுப் போய் உலர்த்தும் இயந்திரத்தைத் திறந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்று மாலைவரை அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பார்த்த ஆட்களெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் பாகத்தை ஏசியவர்கள்கூட அவள் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் அவள் சொன்னதற்குச் சிரித்தது.

மறுநாள் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. சிவப்புக் கோட்டின் இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டிப் படம் வரைந்து போட்டார்கள். ஸ்வெட்டர் மாலுமி என்று பெயர் வைத்தார்கள். அக்கா பதறிப்போய் எழுதியதை அழித்தாள். அழித்து என்ன பயன், அதற்குள் ஆயிரம் பேர் படம் பிடித்து வைத்திருந்தார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று அம்மா அவளைத்தான் அடிக்கடி திட்டுவாள், தம்பியை அல்ல.

கடைக்கு வந்த ஒருவன் தரை டைல்ஸ் விலையைக் கேட்டுவிட்டு, "ஈரம் தாங்குமா சார்?" என்று கேட்டானாம். கடைப் பையன்கள் திரும்பி நின்று சிரித்தார்களாம். தம்பியின் மகன் படிக்கிற பள்ளியில் அவன் நாற்காலியில் யாரோ ஸ்வெட்டரைக் கட்டி வைத்திருந்தார்களாம். இதெல்லாம் சுற்றி வளைத்து அக்காவின் காதுக்கு வந்தது. இரண்டு வாரத்தில் சேனல் மூடப்பட்டது.

அவள் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"சொல்லுங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ, போ, வா என்று பேசியவன். அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஸ்வெட்டர் விஷயம் உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தானே தெரியும். கோபத்தில் அந்தச் சின்ன விஷயம் எப்படித் தோன்றாமல் போனது என்று அவள் பிறகு எத்தனையோ முறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

"சும்மாதான்டா. எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். கடையில ஆள் இருக்காங்க, அப்புறம் பேசுறேன்."

அப்புறம் பேசவில்லை. மாதங்கள் போயின. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள், தினமும் ஒரு காரணம் கிடைக்கும். கை வேலையாக இருக்கிறது, அவன் கோபம் ஆறட்டும், அவனும்தானே பேசினான். சலவை அறையில் அவள் குரல் தாழ்ந்துபோனது. ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போன பையன், திட்டு வரவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தானாகவே தூக்கிக்கொண்டு போனான். ஐந்தாம் பாகத்தைப் பலமுறை போட்டுப் பார்த்தாள். படகுக்காரன் உண்மையைச் சொல்கிற காட்சி வந்தால் நிறுத்திவிடுவாள். அந்தக் காட்சி அழகு என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள். அதைச் சொல்ல வாய் வருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது அவளுக்கு என்ன தெரியும்?

ஏழாம் பாகம் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. இனி சும்மா இருக்க முடியாது, இதைச் சாக்காக வைத்துக்கொண்டாவது போய்விட வேண்டும் என்று ஒரு விடுமுறை நாளில் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி" என்றாள். முகம் கோணவில்லை, மலரவும் இல்லை. தம்பி கடைவரை போயிருப்பதாகவும் இப்போது வந்துவிடுவான் என்றும் சொன்னாள். அக்கா பின்னாலேயே சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். கைக்கு வேலை இருந்தால்தான் அவளுக்கு வாய் வரும்.

"நான்தாம்மா எழுதினேன்."

"தெரியும் அண்ணி."

"எனக்கு ரொம்பக் கோபம். பாஸ் ஆகாதவங்கன்னு சொன்னானே. யாரோ ஒருத்தின்னு நினைச்சுத்தான் சொன்னான்னு மண்டைக்கு உறைக்கலை."

தம்பி மனைவி அடுப்பைத் தணித்தாள். பிறகு சொன்னாள்.

"யாரோன்னு நினைக்கலை அண்ணி. முதல் நாளே அவருக்குத் தெரியும். கோபம் வந்தா எங்க அக்கா புள்ளி வைக்காம எழுதும், இது எங்க அக்காதான்னு விழுந்து விழுந்து சிரிச்சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சத்தியம் வேற. ஃபோனைவிட இதுலதான் அக்கா நல்லாச் சண்டை போடுதுன்னு சொல்வார். சனிக்கிழமை ராத்திரி உங்க எழுத்தைப் படிச்சாத்தான் அவருக்குப் பொழுதே விடியும். நீங்க எழுதாத வாரம் வீடியோ எடுக்கவே மாட்டார்."

அக்கா துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேச்சு?" என்று கேட்டாள். "பாஸ் ஆகாதவங்கன்னு?"

"உங்களைச் சீண்டத்தான் சொன்னார். சொல்லிட்டு, கொஞ்சம் ஓவராப் போச்சோ, அக்கா திட்டி எழுதும் பாருன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தார். பரீட்சை விஷயம் அவருக்கு ஞாபகமே இல்லை. அன்னிக்குச் சாயங்காலம் நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம், 'எனக்குத்தான் முதல்ல புத்தியில்லை, ஆனா அக்கா அதைச் சொல்லிடுச்சே' அப்படின்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி அவர் பேசினதே இல்லை."

அக்கா சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம், அந்நியன் என்று நினைத்து வீசிய சொல்லுக்குச் சொந்த ரகசியத்தைத் திருப்பி அடித்துவிட்டோமே என்றுதான். அவன் வாரா வாரம் விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நினைத்தே பார்க்கவில்லை. கேலி என்று அவள் சகித்துக்கொண்டதெல்லாம் அவளுக்கென்றே அவன் செய்தது. அழ வேண்டும் போல இருந்தது, தம்பி மனைவி முன்னால் அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். இளைத்திருந்தான்.

"வாங்கக்கா. எப்ப வந்தீங்க? மச்சான் வரலையா?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா" என்றாள் அக்கா எழுந்து. பயணத்தில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "சொல்லமாட்டேன்னு சொன்னதைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு."

"அய்யோ, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. நானும்தான் பேசக்கூடாததைப் பேசினேன். விடுங்க. உட்காருங்க, டீ குடிங்க."

முகத்தில் கோபம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிற அதே நல்ல முகம். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் கணவருடைய ரத்த அழுத்தத்தைப் பற்றி அவன் கேட்டான். மழை பெய்யுமா என்று பேசினார்கள்.

"ஏழாவது வருதாமே" என்றாள் அக்கா.

"ஆமா, பார்த்தேன்."

"இருளரசி திரும்பி வர்றாளாம். ஆறாம் பாகத்துலயே செத்தவளைக் கொண்டுவந்து என்ன கூத்தடிக்கப் போறாங்களோ."

"நல்லா எடுப்பாங்கன்னு நினைக்கிறேன்."

அக்கா டம்ளரைக் கையில் உருட்டினாள். இவன் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை. எங்கே தொட்டால் துள்ளுவான் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"யோசிச்சுப் பார்த்தா நீ சொன்னதுதான்டா சரி. அஞ்சாம் பாகம் சுத்த இழுவை. படகு, உப்பு, கிழவி, ஒரு மணி நேரமாக் கொட்டாவிதான். சிவப்புக் கோட்டை வெட்டி விரிப்பாப் போட்டிருக்கான், அதைப் போய்ப் பெரிசா எழுதினேன் பாரு, எனக்குத்தான் அறிவில்லை. ஹீரோன்னா வரணும். இல்லையா? சொல்லேன்டா. எப்பவும் திட்டுவியே, திட்டேன்."

அவள் குரல் கெஞ்சியது அவளுக்கே கேட்டது. தம்பி காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தான்.

"இல்லக்கா" என்றான். "நல்ல படம்தான். நீங்க சொன்னது சரி."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அவன் வாயிலிருந்து வரவழைக்க அவள் தொண்டை வற்றக் கத்திய வார்த்தை அது. சமையலறையில் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, அவனே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் வந்ததும் கிளம்புகிறேன் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள்.